கொடி போன வழி

அத்தியாயம் 14

பழி வாங்க நல்ல நேரம் பார்க்க வேண்டியதில்லை என்பது கடுகின் கட்சி. இருந்தாலும் அன்று காலை அவள் தலைக்குக் குளித்து, இருப்பதிலேயே நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டாள். சக்கர நாற்காலியின் பின்புறக் கைப்பிடிகளையும் ஈரத்துணியால் துடைக்கச் சொன்னாள்.

"கைப்பிடிக்கு எதுக்குடி இத்தனை உபசாரம்?" என்றாள் அக்கா.

"பெரிய மனுஷன் கை படப் போகுது. அழுக்கா இருந்தா நல்லாவா இருக்கும்?"

அக்கா சிரிக்கவில்லை. முன்தினம் மைதானத்தில் கொடி நட்டுவிட்டு வந்ததிலிருந்தே அவள் சரியாகப் பேசவில்லை. வெயிலில் நின்ற அலுப்பு என்று கடுகு நினைத்துக்கொண்டாள்.

விட்ட இடத்தைப் பிடித்துக்கொள்ள இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பழைய பேருந்துப் பணிமனை மைதானம் நகராட்சிக்குச் சொந்தம். பேருந்துகள் எல்லாம் ஊருக்கு வெளியே குடிபோய் வருஷங்கள் ஆகிவிட்டன. அந்த இடத்தை நீண்ட காலக் குத்தகைக்கு விட்டு, வருகிற பணத்தை மாற்றுத்திறனாளிகளின் பகல்நேர இல்லத்துக்கே கொடுப்பது என்று நகராட்சியில் தீர்மானம் போட்டார்கள். ஊர்ச் சொத்தை விற்றுத் தின்கிறார்கள் என்று ஒரு கட்சி. சும்மா கிடக்கிற மண் நாலு பேருக்கு உதவட்டுமே என்று ஒரு கட்சி. இரண்டு கட்சியிலும் வாய் கிழியப் பேசியவர்களில் இல்லத்து வேனுக்காக வாசலில் காத்துக் கிடந்தவர் ஒருவரும் இல்லை.

அந்த வேன்தான் இல்லத்துக்கு உயிர். யாரை எந்த வீட்டில் முதலில் ஏற்றுவது, யாருக்கு மாடியிலிருந்து இறங்க நேரமாகும், யார் பக்கத்தில் யாரை உட்கார வைத்தால் சண்டை வராது என்று தினமும் டிரைவருக்கு வழி போட்டுக் கொடுப்பவள் கடுகு. பணமில்லாமல் இந்த மாதத்தோடு வேன் நிற்கப் போகிறது. நின்றால் உடற்பயிற்சி அறை இருந்தென்ன, உதவியாளர் இருந்தென்ன? அவரவர் வீட்டுச் சுவரை அவரவர் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

கடுகு என்ற பேர் அவளுக்கு உயரத்தால் வந்தது. நிலைத்தது வாயால்.

ஏலத்தில் நிலத்தைக் கேட்க வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டு, கடைசியில் மிஞ்சியவர் ஒரே ஒரு கான்ட்ராக்டர். அவர் வேறு யாருமில்லை, அக்காவுக்கும் கடுகுக்கும் கூடப் பிறந்த அண்ணன். தன் கல்யாணப் பேச்சுக்குப் பெண் வீட்டார் வந்த அன்று கடுகின் நாற்காலியைப் பின்கட்டுச் சாமான் அறைக்குள் தள்ளி, வெளியே தாழ் போட்ட அதே அண்ணன்தான். "எனக்கு ஒரே தங்கச்சி, சர்வேயருக்குப் படிக்கிறா" என்று அவர் சொன்னது சுவர் வழியே கடுகுக்குக் கேட்டது. அன்றிலிருந்து அவர் மாமனார் வீட்டுக்குத் தெரிந்தவரை, கடுகு யாரோ ஒருத்தி. சர்வேயர் தங்கச்சி பாவம் பார்த்து வீட்டில் வைத்திருக்கும் பெண்.

அந்த அக்கா இப்போது நகராட்சி சர்வேயர். ஏலம் கேட்பவர் தன் அண்ணன் என்று ஆணையரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். கடுகு யாரென்று மட்டும் சொல்லவில்லை.

இந்த நகராட்சியில் எல்லை நடை என்று ஒரு பழைய விதி உண்டு. முன்னொரு காலத்தில் யாரோ ஒரு புண்ணியவான் நிலத்தைப் பார்க்காமலே குத்தகைக்கு எடுத்து, நடுவில் சாக்கடை ஓடுகிறது என்று பிறகு வழக்குப் போட்டாராம். அதனால், பொது நிலம் கை மாறும் முன்பு, எடுக்கிறவரும் அதனால் பலன் பெறுகிறவர்களின் பிரதிநிதி ஒருவரும் சர்வேயர் நட்ட கொடிகளை ஒட்டியே எல்லையைச் சுற்றி, புறப்பட்ட வாசலுக்குச் சேர்ந்து வர வேண்டும். கூட மூன்றாவது ஆள் கூடாது. எடுக்கிறவர் பாதியில் விலகினால் அவர் ஏலத்தில் கேட்ட கேள்வி செல்லாது. வழியில் கோளாறு என்றால் மறுநாள் மறுபடியும் நடக்க வேண்டும்.

மூன்றாவது ஆள் கூடாது என்றால், மேடும் பள்ளமுமான அந்த மைதானத்தில் நாற்காலியை யார் தள்ளுவது? இந்தக் கேள்வி தோன்றிய அன்று கடுகுக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு நல்ல பசி எடுத்தது. இல்லத்தின் பிரதிநிதியாகத் தானே போவதாகச் சொன்னாள். அவளை எதிர்த்துப் பேச அங்கே யாருக்கும் துணிச்சல் இல்லை.

நிலமும் போக வேண்டும், பணமும் வர வேண்டும், அண்ணன் மானமும் கொஞ்சம் சந்தி சிரிக்க வேண்டும். 'இவ என் தங்கச்சி' என்று அவர் வாயாலேயே, அவர் மாமனார் காது கேட்க வரவழைக்க வேண்டும். கடுகு வேண்டியது இவ்வளவுதான்.

மைதானத்து வாசலில் அண்ணனின் கார் நின்றது. முன் சீட்டில் மாமனார். மாப்பிள்ளையின் தொழிலுக்கு முதல் போட்டவர் அவர்தான். மாப்பிள்ளை எங்கே கையெழுத்துப் போட்டாலும் பக்கத்தில் இருந்து பார்ப்பவர். முழங்கால் வலி என்று இறங்காமல், கண்ணாடியை மட்டும் இறக்கி வைத்திருந்தார்.

இல்லத்திலிருந்து யார் வருகிறார்கள் என்று அண்ணனுக்குத் தெரியாது. ஆட்டோவிலிருந்து கடுகை அக்கா தூக்கி நாற்காலியில் உட்கார வைத்ததைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கு இருக்கிறதே, அதற்குத் தனியாக டிக்கெட் போடலாம்.

"இவங்கதான் இல்லத்தோட பிரதிநிதி," என்றார் ஆணையர் அம்மா. புதிதாக மாற்றலாகி வந்தவர். "வண்டியை நீங்கதான் தள்ளணும். சிரமம் ஒண்ணும் இல்லையே?"

"அதுக்கென்ன மேடம்," என்றார் அண்ணன். கண் காரின் பக்கம் போய்விட்டு வந்தது.

"வணக்கம் சார்," என்றாள் கடுகு.

"வணக்கங்க."

ஒரே வயிற்றில் பிறந்தவர் வாயிலிருந்து வந்த அந்த 'ங்க' அவளுக்கு எரிந்தது. எரிந்தது ஒரு விதத்தில் நல்லதாகவும் இருந்தது. இரக்கம் கிரக்கம் ஏதாவது மிச்சம் இருந்தால் அதையும் இப்போதே எரித்துவிடலாம்.

வண்டி புறப்பட்டது. கடுகின் இடது கை கெட்டி. அந்தக் கையால் நாற்காலியின் பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டாள். முழுக்கப் போட்டால் தெரிந்துவிடும். பாதி போட்டால் தள்ளுகிறவர் உயிர் மட்டும் போகும்.

"என்னங்க இவ்வளவு கனமா இருக்கு?" அண்ணனுக்கு மூச்சு வாங்கியது.

"கூடப் பொறந்தவங்க தள்ளினா கனம் தெரியாதாம் சார். மத்தவங்களுக்குக் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்."

வெயிலில் அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பேருந்துக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கும் பழைய குழிகள் அங்கங்கே புல் மூடிக் கிடந்தன. கொடிகள் அவற்றை விட்டு விலகி மதிலோரமாகவே போயின. கடுகு போகிற வழியெல்லாம் நிலத்தின் அருமை பெருமைகளைச் சொல்லிக்கொண்டே வந்தாள். இந்தப் பக்கம் காற்று நன்றாக வரும் சார், இங்கே கட்டினால் படி வைக்காமல் சரிவு வையுங்கள் சார், எங்களைப் போல நாலு பேரும் உள்ளே வரலாம் சார். சார் சார் என்று அவள் கூப்பிட்ட ஒவ்வொன்றும் அவர் முதுகில் விழுந்தது.

பணிமனைக் கொட்டகையின் பின்பக்கம் திரும்பியதும் வாசல் மறைந்தது. அண்ணன் குரலும் மாறியது.

"எதுக்கு இந்தக் கூத்து? உனக்கு என்ன வேணும்? சொல்லு, செஞ்சு தரேன்."

"ஒரு வார்த்தை வேணும். கார்ல இருக்கறவர்கிட்டப் போய், இவ என் தங்கச்சின்னு சொல்லுங்க. போதும்."

"பைத்தியமா உனக்கு? அவர் பொய்யைப் பொறுத்துக்கற ஆளே இல்ல. இத்தனை வருஷம் கழிச்சு எப்படிச் சொல்றது?"

"இத்தனை வருஷம் நான் எப்படிச் சும்மா இருந்தேனோ அப்படித்தான். பல்லைக் கடிச்சுக்கிட்டு சொல்ல வேண்டியதுதான்."

பதில் வருவதற்குள் நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. முன் சக்கரங்கள் சேற்றில் இறங்கிவிட்டன. பழைய எண்ணெயும் மழைத் தண்ணீரும் ஊறிய கறுப்புச் சேறு. கடுகு உண்மையாகவே பிரேக்கை விட்டுவிட்டாள். அண்ணன் முன்னே இழுத்தார், பின்னே இழுத்தார். அவருடைய பளபளப்புச் செருப்பில் ஒன்று உள்ளே போய் வெறும் கால் வெளியே வந்தது. நாற்காலி அசையவில்லை.

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது.

"இதோ வந்துட்டேன் மாமா. ஆமாம் மாமா, முடிஞ்ச மாதிரிதான்." போனைப் பையில் போட்டுக்கொண்டு செருப்பைத் தேடி எடுத்தார். "நீ இங்கயே இரு. டிரைவரை அனுப்பறேன்."

"விட்டுட்டுப் போனா உங்க கேள்வி செல்லாது. தெரியும்ல?"

"யார் பார்த்தா? சுத்தி முடிச்சாச்சுன்னு நீயும் ஒரு வார்த்தை சொல்லிடு. பணம் உங்க இல்லத்துக்குத்தானே வருது." சொல்லிக்கொண்டே அவர் கொட்டகையைச் சுற்றிப் போய்விட்டார்.

சாமான் அறையிலாவது தரை உலர்ந்திருந்தது. கடுகுக்கு அழுகை வந்தது. அழுகை வந்ததே என்று இன்னும் கோபம் வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தாள்.

மதிலை ஒட்டி ஒரு சிமென்ட் தளம் ஓடியது. காய்ந்து, நேராக, நாலு பேர் சேர்ந்து போகலாம் போல. அதுவரைக்கும் மதிலோரமாகவே வந்த கொடிகள் இந்த இடத்தில் மட்டும் உள்ளே வளைந்து சேற்றின் நடுவே நின்றன. தளத்தின் ஓரத்து மண்ணில் சின்னச் சின்ன ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. கம்பு நட்டுப் பிடுங்கிய ஓட்டைகள். மண் இன்னும் ஈரமாக இருந்தது.

கொட்டகையைச் சுற்றிக்கொண்டு அக்கா வேகமாக வந்தாள். கையில் ஒரு பலகை.

"பயந்துட்டியா? இதோ, சக்கரத்துக்கு அடியில கொடுத்துத் தூக்கிடலாம்."

"பலகை ஏதுக்கா?"

"அங்க கிடந்துச்சு."

"பொய் சொல்லாதே. இது நம்ம வாசப்படிக்குப் போடற பலகை. காலையில இது மேலதானே நான் இறங்கி வந்தேன்."

அக்கா குனிந்தவள் நிமிரவில்லை.

"நான்தான் கொடியை மாத்தினேன்," என்றாள் பிறகு. "வண்டி மாட்டினா அவன் விட்டுட்டுப் போவான்னு எனக்குத் தெரியும். அவன் பிறவிக் குணம் அது. போனா கேள்வி செல்லாது. மாமனார் முன்னால வெறுங்கையோட நிக்கட்டும். உன்னைத் தாழ் போட்டு வச்சதுக்கு அவனுக்கு வேற என்ன தண்டனை கொடுக்க முடியும் என்னால?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டா வேண்டாம்னு சொல்லுவே."

"அது தெரிஞ்சும் செஞ்சிருக்கே."

"உனக்காகத்தானேடி செஞ்சேன்."

"எனக்காக என்னைச் சேத்துல இறக்கினியா?"

அக்காவுக்குக் குரல் உயர்ந்தது. "அவன் காசு நமக்கு வேண்டாம். இவன் இல்லைன்னா இன்னொருத்தன் நிலத்தை எடுப்பான்."

"எப்ப எடுப்பான்? வேன் இந்த மாசத்தோட நிக்குது. உனக்குக் காலு இருக்கு, தெருமுனையில பஸ் இருக்கு. வேண்டாம்னு சொல்றது உனக்கு சுலபம். காலையில ரெடியாகி வாசலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பாங்களே, அவங்ககிட்டப் போய் நீ சொல்லு. எங்க வீட்டு ரோஷத்துக்காக நீங்க எல்லாம் உள்ளயே கிடங்கன்னு."

கடுகுக்கு இத்தனை வருஷமும் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போன ஒன்று இப்போது நிற்காமல் வெளியே வந்துவிட்டது.

"அன்னிக்குத் தாழ் போட்டது அண்ணன். ஒத்துக்கறேன். தட்டை ஏந்திக்கிட்டு அவங்க முன்னால போய் ஒரே தங்கச்சியா நின்னது யாருக்கா?"

"நான் அப்ப சின்னப் பொண்ணு."

"நான் உன்னைவிடச் சின்னவ."

காரின் டிரைவர் வருகிற சத்தம் கேட்டது. அக்காவும் அவரும் பலகையைக் கொடுத்து நாற்காலியைத் தூக்கினார்கள். வாசல்வரை அக்காதான் தள்ளி வந்தாள். இரண்டு பேரும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை.

ஆணையர் அம்மா காத்திருந்தார். அண்ணன் காருக்குப் பக்கத்தில், சேறு பட்ட காலை மறைத்துக்கொண்டு நின்றார்.

"எல்லை நடை முழுசா முடிஞ்சுதாம்மா?"

"முடியல மேடம்."

அண்ணன் முகம் வெளுத்தது. அக்கா டிரைவரிடமிருந்து பலகையை வாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்? இவர் பாதியில விட்டுட்டு வந்துட்டாரா?"

ஒரு 'ஆமாம்' போதும். அதில் பொய்யும் இல்லை. அண்ணன் அதோடு தீர்ந்தார். ஆனால் கடுகைச் சேற்றில் இறக்கியாவது ஜெயிக்கலாம் என்று நினைத்த அக்கா அதோடு ஜெயித்துவிடுவாள். வேனும் அதோடு நின்றுவிடும். கடுகு இரண்டு பேரையும் ஒரு தடவை பார்த்தாள். ஒருத்தரை மட்டும் தண்டித்து மற்றவரை விட்டுவிட அவளுக்கு மனசில்லை.

"வழி சரியில்ல மேடம். பின்பக்கம் மதிலோரம் நல்ல தளம் இருக்கு. அங்க இருந்த கொடியைப் பிடுங்கிச் சேத்துல நட்டிருக்காங்க. வண்டி புதைஞ்சிடுச்சு. இவர் ஆள் கூப்பிட வந்தாரு. ஓட்டைகூட அப்படியே இருக்கு, நீங்களே வந்து பாருங்க."

ஆணையர் அம்மா அக்காவின் பக்கம் திரும்பினார். "கொடி நட்டது நீங்கதானே?"

அக்கா கடுகைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் கடுகுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஆமாம் மேடம்."

"நாளைக்கு வேற சர்வேயரை வச்சுக் கொடி நடறோம். நடை மறுபடி நடக்கும். மத்தியானம் என் ரூமுக்கு வந்து விளக்கம் சொல்லுங்க."

அண்ணனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முகமெல்லாம் பல்லாக, "ரொம்ப நன்றிங்க," என்றார்.

"அவசரப்படாதீங்க," என்றாள் கடுகு. பிறகு காருக்குள் இருப்பவருக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினாள். "இன்னொரு விஷயம் மேடம். நான் இவருக்குக் கூடப் பொறந்தவ. இவருக்கு ரெண்டு தங்கச்சி. பெரியவ அதோ பலகையோட நிக்கறா. சின்னவ நான்."

"இதை யாருமே எங்கிட்ட சொல்லலியே," என்றார் ஆணையர் அம்மா, அக்காவைப் பார்த்தபடி. "அப்படின்னா நாளைக்கு வேற பிரதிநிதிதான் வரணும்."

"வரட்டும் மேடம். எங்க இல்லத்துல லாரின்னு ஒருத்தர் இருக்கார். அவரை ஒத்தை ஆள் தள்ளினதா சரித்திரமே இல்ல. சாருக்கு உடம்புக்கும் நல்லது."

கார்க் கதவு திறந்தது. முழங்கால் வலி எங்கே போயிற்றோ, மாமனார் இறங்கி நின்றார். கடுகின் முகத்தையும் மாப்பிள்ளையின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மூக்கும் தாடையும் ஒரே அச்சு. அதைச் சொல்ல சாட்சி எதற்கு?

"என்ன மாப்பிள்ளை இது?"

"அது வந்து மாமா... வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

"நானும் வரேன்," என்றாள் கடுகு. "அக்காவுக்கு மத்தியானம் வேலை இருக்கு. என்னைக் கொண்டுபோய் விட ஆளில்ல."

மாமனார் பின் கதவைத் திறந்துவிட்டார். வழக்கம்போலத் தூக்குவதற்கு அக்கா கையை நீட்டிக்கொண்டு முன்னே வந்தாள். அவளுடைய கை தன்மேல் படுவதற்குள் கடுகு தலையை அசைத்தாள்.

"நீ இரு. அவர் தூக்கட்டும்."

அண்ணன் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றார். வயசு இத்தனை ஆகியும் அவர் அவளைத் தூக்கியதே கிடையாது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறினார்.

"ஒரு கை முழங்காலுக்கு அடியில. ஒரு கை முதுகுல. கத்துக்கிட்டா நாளைக்கும் உதவும்."

தூக்கினார். அவர் காது அவள் வாய்க்கு அருகே வந்தபோது அவள் மெதுவாகத்தான் சொன்னாள்.

"அன்னிக்கு நீங்க அவர்கிட்ட சொன்னது சுவர் வழியா வார்த்தைக்கு வார்த்தை எனக்குக் கேட்டுச்சுண்ணே. போற வழியில அதையே மறுபடி அவர்கிட்ட சொல்லுங்க. நான் பின்னால உக்காந்து கேட்டுக்கிட்டு வரேன்."

அண்ணனின் பார்வை மாமனார் பக்கம் போனது. ஆனாலும் அவளைக் கீழே விடவில்லை. சீட்டில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார். டிரைவர் நாற்காலியை மடித்துப் பின்னால் ஏற்றினார். கார் புறப்பட்டது.

அக்கா பலகையைக் கீழே வைக்கவும் தோன்றாமல் வாசலிலேயே நின்றாள். சாயங்காலம் கடுகு வீட்டுக்கு வந்தால் படியேற அது வேண்டும். வருவாயா என்று ஒரு வார்த்தை கேட்க நினைத்தாள். அதற்குள் கார் தெரு முனை திரும்பிவிட்டது.